பழைய சஸ்பென்ஷன் ஃபோர்க்கை வீட்டிலேயே பிரித்துக் கட்டுவது: சீல், ஆயில், எலாஸ்டமர்

கிறுக்குச்சக்கரம்

மேசை மேல ரெண்டு சைக்கிள் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கிற, அதிர்ச்சியைத் தாங்குற கவை) கிடக்கு. ஒண்ணு 1993 ராக்‌ஷாக்ஸ் மேக் 21, காற்றும் ஆயிலும் சேர்ந்த ரகம், 48 மி.மீ. டிராவல் (அமுங்குற தூரம்). இன்னொண்ணு ஹைட்ராலிக் டேம்பர் (துள்ளலை ஆயிலால அடக்குற பாகம்) இல்லாத பழைய மானிட்டூ, உள்ளே எலாஸ்டமர் (ஸ்பிரிங் வேலை பார்க்குற ரப்பர்) அடுக்கு.

மேக் 21-ல ரெண்டு காலுக்கும் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) ஏத்தினா, இடது கால் ராத்திரிக்குள்ள காலியாயிடுது. அந்தக் காலோட ஸ்டான்ஷன்ல (கீழ்க்காலுக்குள்ள நுழையுற மேல் குழாய்) ஆயில் படலம் தெரியுது. வலது கால் மூணு நாள் தாங்குது, ஆனா அதுவும் இறங்குது, அங்கே ஈரமே இல்லை. மானிட்டூவைத் திறந்தா எலாஸ்டமர் வெல்லப்பாகு மாதிரி ஒட்டுது.

கேள்விகள்: ஒரிஜினல் சீல் (ஆயிலும் காற்றும் வெளியே வராம அடைக்கிற வளையம்) கிடைக்கலைன்னா எதைப் போடலாம்? ஆயில் எந்த வெயிட் (கெட்டித்தன்மை), எவ்வளவு? எலாஸ்டமருக்குப் பதிலா ஸ்பிரிங் போட்டா ஓடுமா?

ஆலன்சாவி

சீல் தேடுவதற்கு முன்னால் ஃபோர்க் கட்டத் தகுதியானதா என்று பாருங்கள். வரிசை இதுதான்.

கிரவுன் (இரண்டு ஸ்டான்ஷன்களையும் மேலே பிடிக்கும் பாகம்). ஸ்டீரர் குழாய் (ஹேண்டில்பாருக்குப் போகும் நடுக்குழாய்) கிரவுனுக்குள் இறங்கும் இடத்தையும், ஸ்டான்ஷனைப் பிடிக்கும் பிளவுகளின் முனையையும் நன்றாகத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மயிரிழை போலக் கோடு இருந்தால் நகத்தை வைத்து இழுங்கள். நகம் மாட்டினால் அது விரிசல். அங்கேயே வேலை முடிந்தது, அந்தக் கிரவுனைச் சுவரில் மாட்டலாம். இரண்டு கால்களையும் இணைக்கும் மேல் வளைவின் போல்ட் துளைகள், சக்கர அச்சு உட்காரும் டிராப்-அவுட் ஆகியவற்றையும் இதேபோலப் பாருங்கள்.

புஷ் (கீழ்க்காலுக்குள் ஸ்டான்ஷன் வழுக்கும் உள்வளையம்). ஃபோர்க்கை வண்டியில் மாட்டி, முன் பிரேக்கைப் பிடித்து, சீலும் ஸ்டான்ஷனும் சேரும் இடத்தில் ஒரு விரலை வைத்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹெட்செட் (ஸ்டீரர் குழாய் சுழலும் பேரிங்) ஆட்டமும் இதே மாதிரித்தான் கைக்குத் தெரியும், ஏமாறக் கூடாது. ஹேண்டில்பாரை 90 பாகை திருப்பி மறுபடி ஆட்டினால் பிரித்துப் பார்த்துவிடலாம். லேசான டொக் இருக்கலாம். கண்ணுக்கே அசைவு தெரிந்தால் புஷ் போய்விட்டது. புஷ் ஆடும் ஃபோர்க்கில் புது சீல் போட்டால் உதடு ஒரு பக்கமாகத் தேய்ந்து சீக்கிரமே ஒழுகும்.

ஸ்டான்ஷன். புஷ் உரசும் பகுதியில் நிறம் மாறியிருந்தால் அனோடைஸ் (அலுமினியத்தின் மேல் பூச்சு) தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் நிறம் மங்கியது பரவாயில்லை. வெள்ளி நிறத்தில் உலோகமே தெரிந்தால் அந்த இடம் தொடர்ந்து தேயும், அந்தத் தூள் ஆயிலைக் கறுப்பாக்கும். ஒற்றைக் கீறல் என்றால் பயப்பட வேண்டாம். 1500 எண் எமரித் தாளை ஆயிலில் நனைத்து, நீளவாக்கில் இழுக்காமல் குழாயைச் சுற்றித் தேய்த்து மேடுகளை மட்டும் எடுங்கள். பள்ளத்தில் எபாக்ஸி ஒரு துளி வைத்து, காய்ந்தபின் 2000 தாளால் சமப்படுத்துங்கள். நீளவாக்கில் தேய்த்தால் ஆயில் வெளியே வர நீங்களே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி.

அந்த வலது கால் விஷயம்: ஈரம் இல்லாமல் காற்று மட்டும் போனால் சீலைச் சந்தேகப்படாதீர்கள். காற்று மேலே நிற்கிறது, ஆயில் கீழே சீல் பக்கம் நிற்கிறது. சீல் விட்டால் ஆயிலும் கூடவே வரும். மேல் மூடியின் ஓ-ரிங்கிலும் ஊசி குத்தும் ரப்பரிலும் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், குமிழி காட்டிக் கொடுக்கும்.

துருவன்

ஒரு எச்சரிக்கை. மேக் 21-இன் கீழ்க்கால்கள் மக்னீசியம். துரு எடுக்கிறேன் என்று வினிகரிலோ சிட்ரிக் அமிலத்திலோ ஊறப் போட்டு விடாதீர்கள். அமிலம் மக்னீசியத்தைத் தின்னும். அனோடைஸ் செய்த அலுமினியப் பாகங்களுக்கு நேர் எதிர், அவற்றைக் காரம் தின்னும். காஸ்டிக் கலந்த கிரீஸ் நீக்கி ஆகவே ஆகாது. இரண்டுக்கும் பொதுவாக டீசல் அல்லது மண்ணெண்ணெய், பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பெயின்ட் உரிந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் சுரண்டி எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். மக்னீசியத் தூள் தீப்பிடிக்கும். கிரைண்டர் வேண்டாம், தண்ணீர் விட்டு எமரித் தாளால் கையாலேயே தேய்த்தால் போதும்.

கிறுக்குச்சக்கரம்

கிரவுன் சுத்தமா இருக்கு, புஷ்ல லேசான டொக் மட்டும். பிரிக்கப் போனா அடி போல்ட் சும்மா சுத்துது, வெளியே வர மாட்டேங்குது.

ஆலன்சாவி

போல்ட்டோடு சேர்ந்து உள்ளே டேம்பர் தண்டும் சுற்றுகிறது. முதலில் ஒரு விஷயம்: எந்த மூடியைத் திறப்பதற்கு முன்னாலும் காற்றை முழுக்க இறக்குங்கள். அழுத்தத்தோடு திறந்த மூடி முகத்துக்குத்தான் வரும்.

காற்று இருக்கும்போதே செய்யக்கூடிய ஒரே காரியம் இந்த போல்ட்டைத் தளர்த்துவது. ஃபோர்க்கை நிமிர்த்தி வைத்து, இன்னொருவர் ஹேண்டில்பாரில் முழு எடையைப் போட்டு அமுக்கட்டும். உள்ளே உராய்வு கூடி தண்டு பிடிபடும்போது நீளக் கைப்பிடி ஆலன் சாவியால் வெடுக்கென்று ஒரு திருப்பு. மெதுவாகத் திருப்பினால் மறுபடி சுற்றும். அதற்கும் மசியாவிட்டால் பேட்டரி இம்பாக்ட் டிரைவரை ஒரு நொடி கொடுங்கள். தண்டு நகர்வதற்குள் போல்ட் விட்டுவிடும். விட்டதும் நிறுத்திக் காற்றை இறக்குங்கள், அதற்குப் பிறகுதான் அடுத்த வேலை.

போல்ட்டை முழுதாக எடுத்துவிடாதீர்கள். மூன்று நான்கு சுற்று தளர்த்தி, புரியில் இருக்கும்போதே தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுங்கள். தண்டு கீழ்க்காலிலிருந்து விடுபடும். பிறகு கழற்றி, கீழே பாத்திரம் வைத்து ஆயிலை வடியுங்கள். சில பழைய மாடல்களில் போல்ட் கீழே இருக்காது, ஸ்டான்ஷனுக்கு உள்ளே மேலிருந்து நீள ஆலன் சாவி விட்டுத்தான் திறக்க வேண்டும். கீழே துளை இல்லாத காலைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

எடுத்த வரிசையிலேயே எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய வாஷர்கள் ஆயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒன்று போலவே தெரியும். எண்ணிக்கையையும் வரிசையையும் குறித்து வையுங்கள். அந்த அடுக்குதான் டேம்பிங்.

வெர்னியர்

சீல் பற்றி. இதில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாக.

மூன்று அளவு வேண்டும்: ஸ்டான்ஷனின் வெளிவிட்டம், சீல் உட்காரும் குழியின் உள்விட்டம், குழியின் ஆழம். பழைய சீலை அளக்காதீர்கள், முப்பது வருடத்தில் அது ஊதியிருக்கும் அல்லது சுருங்கியிருக்கும். ஸ்டான்ஷனைப் புஷ் படாத இடத்தில் அளக்க வேண்டும். 25.4 என்று வந்தால் அது ஒரு அங்குலக் குழாய். அதில் 25 மி.மீ. சீலை ஏற்றினால் ஏறும், ஆனால் உதடு இறுகிப் பிடித்து ஃபோர்க் நகரவே யோசிக்கும். அங்குல அளவிலேயே தேடுங்கள்.

அடுத்தது ரகம். பேரிங் கடைகளில் எளிதாகக் கிடைப்பது டிசி எனப்படும் இரட்டை உதட்டு ஆயில் சீல். அது சுழலும் தண்டுக்கானது. தாங்கும் அழுத்தம் சுமார் 0.3 பார். மேக் 21-இல் நிற்கும்போதே 40 பிஎஸ்ஐ, அதாவது 2.8 பார், அமுங்கும்போது அதைப்போல மூன்று மடங்கு. டிசி சீல் அங்கே உதட்டைப் புரட்டிக்கொள்ளும். காற்று ஃபோர்க்குக்கு ஹைட்ராலிக் சிலிண்டரில் போடும் யு-கப் ராட் சீல்தான் சரி. மார்சோச்சி பாம்பர் மாதிரி திறந்த ஆயில் குளியல் ஃபோர்க்கில் அழுத்தம் குறைவு, ஆட்டம் முன்னும் பின்னும். அதற்கு அதே அளவில் மோட்டார்சைக்கிள் ஃபோர்க் சீல் கிடைத்தால் அருமை. டிசி கடைசிக்குத்தான்.

ரப்பர் நைட்ரைல் போதும். விட்டான் (Viton) என்ற ரப்பர் சூட்டைத் தாங்கும், ஆனால் குளிரில் விறைக்கும். ஃபோர்க் அப்படி ஒன்றும் சூடாவதில்லை.

மேல் மூடி ஓ-ரிங்: தடிமனும் பள்ளத்தின் ஆழமும்தான் முக்கியம். நகராத இடத்தில் தடிமனில் 15 முதல் 20 சதவீதம் நசுங்க வேண்டும். 2.5 மி.மீ. ஓ-ரிங்குக்கு இடைவெளி ஏறக்குறைய 2.05. நகரும் இடத்தில் 10 முதல் 15 போதும், அதற்கு மேல் போனால் ஒட்டி ஒட்டி நகரும்.

பொருத்தும்போது சீல் உதட்டின் திறந்த பக்கம் ஆயிலைப் பார்க்க வேண்டும். ஸ்டான்ஷன் முனையின் கூரான விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒரு சுற்று சுற்றி, ஆயில் தடவி, சீலை அதன்மேல் வழுக்கி இறக்குங்கள். குழிக்குள் அடிக்க, சீலின் வெளிவிட்டத்தைவிட அரை மி.மீ. குறைவான சாக்கெட்டோ பிவிசி குழாய்த் துண்டோ போதும். சர்கிளிப் (சீலைப் பிடித்து நிறுத்தும் கம்பி வளையம்) பள்ளம் முழுக்கத் தெரியும்வரை இறங்க வேண்டும். பள்ளம் பாதி மறைந்திருந்தால் சீல் சாய்ந்திருக்கிறது.

ஆயில்கை

ஆயில் கேள்விக்கு நான்.

வெயிட் என்ற எண்ணை நம்பாதீங்க. ஒரு கம்பெனியோட 5 வெயிட் 40 பாகை செல்சியஸ் சூட்டில் 16 சென்டிஸ்டோக் (ஆயிலோட கெட்டித்தன்மை அளவு) காட்டும், இன்னொண்ணோட 5 வெயிட் 22-க்கு மேல நிக்கும். டப்பாவுல 40 பாகை சென்டிஸ்டோக் எண் போட்டிருக்கிறதை வாங்குங்க, அடுத்த தடவையும் அதே எண்ணைப் பார்த்து வாங்குங்க. மேக் 21-க்கு 16-லிருந்து 22-க்குள்ள தொடங்கலாம். திரும்பி வர்றது துள்ளினா கொஞ்சம் கெட்டி, அடுத்தடுத்த குழியில அமுங்கியே கிடந்தா கொஞ்சம் இளக்கம்.

அளவு சிசி-யில வேண்டாம், மட்டத்துல பாருங்க. பிரிச்ச ஃபோர்க்குல சுவரெல்லாம் காஞ்சிருக்கும், பிரிக்காததுல பழைய ஆயில் ஒட்டியிருக்கும். ஒரே சிசி ஊத்தினா ரெண்டுலயும் மட்டம் ஒண்ணா வராது. ஃபோர்க்கை நேரா நிறுத்தி, ஆயில் ஊத்தி, மெதுவா இருபது முப்பது தடவை அமுக்கி இழுங்க. குமிழி நின்னதும் பத்து நிமிஷம் விட்டுட்டு, அந்த மாடலோட கையேடு சொல்ற நிலையில (சிலதுல முழுக்க அமுக்கி, சிலதுல முழுக்க இழுத்து) ஸ்கேல் விட்டு அளங்க. ஊசி சிரிஞ்சுல மெல்லிய குழாய் மாட்டி, குழாய்ல அந்த ஆழத்துக்கு ஒரு குறி வெச்சு, அதிகமானதை உறிஞ்சி எடுக்கிறதுதான் சுலபம். ரெண்டு காலும் 1 மி.மீ. வித்தியாசத்துக்குள்ள வரணும்.

ஏன் இவ்வளவு கறார்? காற்றறையோட நீளத்தை ஆயில் மட்டம்தான் முடிவு பண்ணுது. கணக்குக்காக, காற்றுத் தூண் 80 மி.மீ., அமுங்கறது 50 மி.மீ.ன்னு வைங்க. மிச்சம் 30. கேஜ் காட்டுறது 40 பிஎஸ்ஐ, வளிமண்டலத்தையும் சேர்த்தா 55. முழுசா அமுங்கினா 55 × 80 ÷ 30, சுமார் 147. இப்ப ஆயில் 10 மி.மீ. கூடிடுச்சு: 55 × 70 ÷ 20, 192-க்கு மேல. வெறும் 10 மி.மீ.! கடைசி டிராவல் கிடைக்கவே கிடைக்காது, நீங்க காற்றைக் குறைச்சுக்கிட்டே போவீங்க, ஆரம்பம் தொளதொளன்னு ஆயிடும். ஆரம்பத்துக்குக் காற்று, கடைசிக்கு ஆயில் மட்டம். ரெண்டையும் தனித்தனியா சரி பண்ணுங்க.

ஊசியை ஆயில்ல நனைச்சுட்டு நேரா குத்துங்க, சாய்ச்சா ரப்பர் கிழியும். இன்னொண்ணு, காற்றறை ரொம்பச் சின்னது. பம்பை மறுபடி மாட்டிப் பார்த்தா ஃபோர்க்கில இருக்கிற காற்று பம்புக் குழாய்க்குள்ள போய் 40 இருந்தது 30-ன்னு காட்டும். அது ஒழுகல் இல்லை. மூணு நாள்ல இறங்குற அந்த வலது காலை, தினமும் கேஜ் மாட்டிப் பார்த்தீங்களான்னு முதல்ல சொல்லுங்க.

கிறுக்குச்சக்கரம்

தினமும் மாட்டித்தான் பார்த்தேன். புரிஞ்சுது.

மண்சாலை

இவ்வளவு எதுக்கு? ஏடிஎஃப் (காரோட ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) ஊத்துங்க, ஓடும்.

ஆயில்கை

ஓடும், மறுக்கலை. நைட்ரைல் சீலுக்கும் ஆகும். ஆனா சாதாரண ஏடிஎஃப் 40 பாகையில் 35 சென்டிஸ்டோக் பக்கம், கிட்டத்தட்ட 10 வெயிட். 48 மி.மீ. ஃபோர்க்குல அது மந்தமா இருக்கும். பாம்பர் மாதிரி பெரிய துளை டேம்பர்ல தாராளமா சோதிச்சுப் பாருங்க. பிரேக் ஆயிலை மட்டும் யாரும் நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க. டாட் 4 பிரேக் ஆயில் கிளைகால் (glycol) வகை, நைட்ரைல் ஊதிப்போயிடும்.

பாம்பர் பேச்சு வந்ததால ஒரு கணக்கு: 1997 பாம்பர் இசட்1-ல ஸ்டான்ஷன் 30 மி.மீ. உள்விட்டம் 27 பக்கம்னு எடுத்தா 1 சிசி ஆயில் மட்டத்தை சுமார் 1.75 மி.மீ. ஏத்தும். கடைசியில தட்டுதுன்னா ஒவ்வொரு காலுக்கும் 5 சிசி சேருங்க, கிட்டத்தட்ட 9 மி.மீ. உயரும். ஸ்பிரிங்கை மாத்தறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க.

நூல்பிடி

எலாஸ்டமருக்கு வருகிறேன்.

ஒட்டும் பாகு பழைய பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அதன் சங்கிலிகளை வெட்டிவிடுகிறது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் நடக்கும், ஆகவே பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்று யாராவது தந்தால் அதற்கும் அதே வயதுதான். மரக்குச்சியால் வழித்து எடுத்து, குழாய்க்குள் ஆல்கஹால் நனைத்த துணியை ஒரு தடியில் சுற்றி இழுங்கள். ஒரு துளி மிச்சம் இருந்தாலும் புதியதும் அதில் ஒட்டும்.

மாற்றுக்கு மூன்று வழி.

முதலாவது எம்சியு, அதாவது நுண்ணிய காற்றறைகள் கொண்ட யூரித்தேன். உள்ளே காற்று இருப்பதால் பக்கவாட்டில் அதிகம் பிதுங்காமல் பாதி நீளத்துக்கு மேலேயே அமுங்கும். 60 மி.மீ. டிராவலுக்கு 120 மி.மீ. அடுக்கு போதுமானது. கிடைத்தால் இதைத்தான் போட வேண்டும்.

இரண்டாவது கெட்டி யூரித்தேன் கம்பியை வெட்டிப் போடுவது. பலரும் இதில் தடுக்கி விழுகிறார்கள். கெட்டி ரப்பர் அமுங்கும்போது கன அளவு குறையாது, பக்கத்தில் பிதுங்கும். குழாய்க்குள் இறுக்கமாகப் பொருந்தும்படி வெட்டினால் பிதுங்க இடமில்லாமல் கல் மாதிரி நின்றுவிடும். தவிர, அது 25 முதல் 30 சதவீதம்தான் கெடாமல் அமுங்கும். 60 மி.மீ. டிராவலுக்கு 200 மி.மீ. அடுக்கு தேவை, குழாயில் அவ்வளவு இடம் இருக்காது. டிராவலை 40-க்குக் குறைத்துக்கொள்ளச் சம்மதம் என்றால் விட்டத்தில் 3 மி.மீ. இடம் விட்டு, துண்டுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வாஷர் வைத்து அடுக்கலாம்.

துண்டுகள் தொடர் இணைப்பு என்பதை மறக்காதீர்கள். ஒரே மாதிரி ஆறு துண்டு என்றால் மொத்த விறைப்பு ஒரு துண்டின் ஆறில் ஒரு பங்கு. ஒன்றை எடுத்து அங்கே பிளாஸ்டிக் ஸ்பேசர் வைத்தால் ஐந்தில் ஒரு பங்காகும், அதாவது 20 சதவீதம் கடினம். எடைக்குத் தக்கபடி சரிசெய்ய இதைவிட மலிவான வழி கிடையாது.

மூன்றாவது சுருள் ஸ்பிரிங். ஒரு கணக்கு: ஃபோர்க்கில் இறங்கும் எடை 35 கிலோ, அதாவது 340 நியூட்டன். டிராவல் 60, உட்கார்ந்ததும் 12 மி.மீ. அமுங்க வேண்டும், முன் அழுத்தம் 6 மி.மீ. ஆக 18 மி.மீ.க்கு 340. மொத்தம் ஏறக்குறைய 19 நியூட்டன் ஒரு மி.மீ.க்கு, ஒரு காலுக்கு 9.5. ஸ்பிரிங்கின் முழு நீளத்திலிருந்து சுருள்கள் ஒட்டிய நீளத்தைக் கழித்தால் 66-க்கு மேல் வர வேண்டும். இல்லாவிட்டால் டிராவல் முடிவதற்கு முன்பே சுருள் முட்டும். வெளிவிட்டம் குழாயைவிட 1 மி.மீ. குறைவு, மேலே ஹீட்-ஷ்ரிங்க் உறை. உறை இல்லாவிட்டால் கலகலவென்று சத்தம் போடும்.

ஆனால் உங்கள் மானிட்டூவில் ஹைட்ராலிக் டேம்பர் இல்லை. எலாஸ்டமரே ஸ்பிரிங், அதன் உள் உராய்வே டேம்பர். முழுக்கச் சுருள் போட்டால் வண்டி குதிரை மாதிரி துள்ளும். மூன்றில் இரண்டு பங்கு நீளம் சுருள், மீதி எம்சியு என்று கலந்து வைப்பதுதான் என் தேர்வு. கடைசி முட்டலையும் அந்த எம்சியு மெத்தையே தாங்கிக்கொள்ளும்.

மண்சாலை

கேட்டது தப்பாப் போச்சு, நல்லா விளக்கினீங்க. கிரீஸ் எது? வீட்ல லித்தியம் கிரீஸ்தான் இருக்கு.

நூல்பிடி

எலாஸ்டமர் உள்ள ஃபோர்க்குக்கு லித்தியம் வேண்டாம். டெஃப்லான் கலந்த, லித்தியம் சேராத செயற்கை கிரீஸ். புஷ்களின் மேல் மெல்லிய படலம், சீல் உதட்டின் உள்ளே ஒரு வளையம், எலாஸ்டமர் மேல் கை வழுக்கும் அளவுக்கு மட்டும். குழாயை நிரப்பிவிட்டால் கிரீஸுக்கு ஒதுங்க இடமில்லை, டிராவல் குறையும்.

ஆலன்சாவி

மாட்டும்போது கடைசிக் கட்டத்தில் அவசரப்படுபவர்களுக்கு: கிரவுன் போல்ட்டைக் கடைசியில்தான் இறுக்க வேண்டும். ஸ்டான்ஷன்களை கிரவுனில் நுழைத்து, இரண்டும் மேலே ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று வெர்னியரால் பாருங்கள், அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. பிறகு சக்கரத்தை மாட்டி அச்சை இறுக்குங்கள். எலாஸ்டமரோ காற்றோ இல்லாமல் ஃபோர்க்கைப் பத்துத் தடவை அமுக்குங்கள். கால்கள் தாங்களாகவே இணையாக வந்து உட்காரும். அப்புறம் போல்ட்களை மாற்றி மாற்றி, ஒரே மூச்சில் இல்லாமல், மூன்று சுற்றில் 6 முதல் 7 நியூட்டன் மீட்டர் வரை. கிரவுன் ஸ்டான்ஷனைப் பிடிக்கும் மேற்பரப்பில் கிரீஸ் கூடாது, போல்ட் புரியில் மட்டும். அடி போல்ட்டும் இதே அளவுதான், அதன் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். நசுங்கிய வாஷர் மறுபடி அடைக்காது.

இறுக்கிய பிறகு கையால் நகர்த்தினால் கனமாக இருந்தால், ஒரு பக்க கிரவுன் போல்ட்டைத் தளர்த்துங்கள். உடனே இலகுவானால் ஸ்டான்ஷன் வளைந்திருக்கிறது அல்லது கிரவுன் திருகியிருக்கிறது. கண்ணாடிப் பலகையில் ஸ்டான்ஷனை உருட்டிப் பாருங்கள், அடியில் வெளிச்சம் தெரிந்தால் வளைவு.

ஃபோர்க்கையே 100 மி.மீ. நவீனமானதாக மாற்றிவிடலாம் என்று யோசிப்பவர்களுக்கும் ஒரு எண்: அச்சிலிருந்து கிரவுன் வரை உயரம் 20 மி.மீ. கூடினால் ஹெட் கோணம் (ஸ்டீரர் குழாயின் சாய்வு) சுமார் 1 பாகை சாயும். 1990-களின் சைக்கிள் சட்டகம் (ஃபிரேம்) அந்தக் கூடுதல் நெம்புகோலுக்காகச் செய்யப்பட்டதல்ல.

கிறுக்குச்சக்கரம்

மேக் 21 மூடியாச்சு. இடது காலுக்கு யு-கப், வலது காலுக்கு ஊசி ரப்பர் மட்டும் மாத்தினேன். கேஜைத் தொடாம ரெண்டு நாள் விட்டுட்டு ஒரே தடவை அளந்தேன், ரெண்டும் 36. மானிட்டூவில் சுருளும் எம்சியுவும் கலந்து வெச்சேன். ஆனா அது முழு உயரத்துக்கு வரலை, 6 மி.மீ. குட்டையா நிக்குது. கையால இழுத்தா வருது, விட்டா உள்ளே போயிடுது.

வெர்னியர்

கீழ்க்காலுக்குள் காற்று அடைபட்டுவிட்டது, அதுவும் குறைந்த அழுத்தத்தில். அமுங்கிய நிலையில் வைப்பர் (தூசி தடுக்கும் வெளிச் சீல்) மூடிக்கொண்டால் இழுக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி உறிஞ்சும். ஒரு கேபிள் டையின் உருண்ட முனையில் ஆயில் தடவி, வைப்பர் உதட்டுக்கும் ஸ்டான்ஷனுக்கும் நடுவில் 10 மி.மீ. நுழையுங்கள். வெட்டிய முனை வேண்டாம், உதடு கிழியும். ஃபோர்க்கை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைத்தால் புஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். டையை உருவிவிட்டு அப்புறம் கையை விடுங்கள். இரண்டு காலுக்கும்.

கிறுக்குச்சக்கரம்

புஸ்ஸுன்னுது. ரெண்டு காலும். இப்ப முழு 60.